மகாராணி இறங்கிய பிளாட்பாரத்திலிருந்து ஒரு மடல்

இங்கிலாந்தின் மேற்கு நார்ஃபோக் கடற்கரையின் ரயில், பேருந்துப் போக்குவரத்தைத் தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கு,

போன மாதம் நீங்கள் நடத்திய கருத்துக் கேட்புக்கு வந்திருந்தேன். மேசை நிறைய வரைபடங்கள், ஓரத்தில் ஒரு பிஸ்கட் தட்டு. உங்கள் அலுவலர் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். கிங்ஸ் லின்னிலிருந்து ஹன்ஸ்டன்டனுக்கு மறுபடியும் ரயில் விடுவது பற்றி இவ்வளவு பெரிய திட்ட வரைவில் ஒரு வரிகூட ஏன் இல்லை? அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ராஜ குடும்பமே அந்த லைன் வேண்டாமென்று காருக்குப் போய்விட்டது. இனி யாருக்காக?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மரியாதைக்கு நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்புதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

இரண்டு வாரம் கழித்து எழுத்திலும் பதில் வந்தது. போதிய தேவை இல்லையாம், இப்போதுள்ள பேருந்துச் சேவையே போதுமானதாம். இரண்டும் தவறு. இந்த மடலின் ஆங்கில வடிவம் தபாலில் உங்களுக்கு வரும். தமிழில் எழுதுவது எங்கள் ஆட்களுக்காக. இங்கே மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலைக்கு வந்திருக்கும் நாங்கள் பேருந்து நிறுத்தத்தில் நின்று புலம்புவது இந்த மொழியில்தான்.

முதலில் ராஜ குடும்பக் கதையை முடித்துவிடலாம், அதைத்தானே உங்கள் அலுவலர் ஆயுதமாக எடுத்தார்.

2009 டிசம்பர் 17ஆம் தேதி காலை லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில், ஆபீஸ் போகிறவர்களும் கிறிஸ்துமஸ் சாமான் வாங்கிய பைகளோடு வந்தவர்களும் ஏறிக்கொண்டிருந்த சாதாரண ரயிலில் எலிசபெத் மகாராணியும் ஏறினார். தலையில் ஸ்கார்ஃப், கையில் கைப்பை. டிக்கெட் 44 பவுண்டு சில்லறை என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. முதல் வகுப்புதான், பாதுகாவலர்களும் கூடவே இருந்தார்கள். ஆனால் ரயில் எல்லோருக்குமான ரயில். அவருக்காக அட்டவணையில் எதையும் மாற்றவில்லை. கேம்பிரிட்ஜ், ஈலி, டவுன்ஹாம் மார்க்கெட் என்று வழக்கம்போல நின்று நின்று, 97 மைல் ஓடி கிங்ஸ் லின் வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் பல டிசம்பர்களில், லின்னுக்குப் பக்கத்தில் ராஜ குடும்பத்துக்கு இருக்கும் சாண்ட்ரிங்ஹாம் மாளிகைக்கு அவர் இப்படித்தான் வந்தார்.

எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தப் படம் இன்னமும் சுற்றுகிறது, "மகாராணியின் எளிமையைப் பாருங்கள்" என்ற தலைப்போடு. எளிமையைப் பாராட்டி எழுத எனக்கு நேரமில்லை. அரண்மனை வைத்திருப்பவர் ஒரு நாள் ரயிலில் வந்தால் அது செய்தி, நாங்கள் தினமும் வந்தால் அது கூட்டம். எனக்கு அந்தப் படத்தில் வேறொன்று தெரிகிறது. கிங்ஸ் லின் பிளாட்பாரத்தில் அவர் இறங்கி வாசலை நோக்கி நடக்கிறார். வாசலில் கார் நிற்கிறது. ஏன் கார்? தண்டவாளம் அங்கேயே முடிந்துவிடுகிறதே, அதனால்தான். அவர் ரயிலை வேண்டாமென்று விடவில்லை. ரயில் போகிற கடைசி அடி வரைக்கும் ரயிலில்தான் வந்தார். மிச்ச மைல்களுக்குத் தண்டவாளம் இல்லாமல் செய்தவர்கள் உங்கள் நாற்காலிகளில் முன்பு உட்கார்ந்திருந்தவர்கள்.

அந்தத் தண்டவாளம் ஒரு காலத்தில் எதையெல்லாம் சுமந்தது என்பதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. ஹன்ஸ்டன்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். (நேரில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், மனசுக்குள் பாட்டிதான்.) பிறந்து வளர்ந்தது இதே லைனில் இருந்த நார்த் வூட்டன். காலையில் மாத்திரை கொடுக்கப் போனால் முதலில் மாத்திரையை வாங்க மாட்டார். அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுக்கச் சொல்வார். அதில் பழைய சாவிகள், இரண்டு பொத்தான்கள், ஒரு அட்டை டிக்கெட். நம் ஊரில் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் ஜன்னலுக்குள் டக்கென்று தேதி குத்திக் கொடுப்பார்களே, அச்சு அசல் அதே அட்டை. ஓரம் பழுத்திருக்கிறது, மூலையில் கத்தரித்த வெட்டு. 1969 மே மாதம் கடைசி ரயிலில் போனதாம் அது. கையில் தொட விடுவார். ஆனால் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்க்க விட மாட்டார், மை வெளுத்துவிடும் என்று பயம்.

அவர் ஒன்பது வயதுப் பிள்ளையாக இருந்தபோது, 1952 பிப்ரவரியில், ஆறாம் ஜார்ஜ் மன்னர் சாண்ட்ரிங்ஹாமில் இறந்துபோனார். 11ஆம் தேதி பக்கத்திலிருந்த வுல்ஃபர்டன் நிலையத்தில் ரயிலில் ஏற்றி உடலை லண்டனுக்குக் கொண்டு போனார்கள். ஊரே வேலி ஓரம் நின்றது. பாட்டிக்கு மன்னர் நினைவில் இல்லை. அப்பா தொப்பியைக் கழற்றியதும், குளிரில் அவருடைய வழுக்கைத் தலை சிவந்துபோனதும்தான் நினைவில் இருக்கிறது. 1936இல் ஐந்தாம் ஜார்ஜின் உடலும் இதே வுல்ஃபர்டனிலிருந்து இதே தடத்தில்தான் போனது. இரண்டு மன்னர்கள் கடைசியாகப் போன தடம் என்று இன்று ஒரு பலகை வைத்தால் சுற்றுலாக்காரர்கள் படம் பிடிப்பார்கள். பாட்டிக்கு அது பள்ளிக்கூடம் போன ரயில். மன்னர் போன மறுநாள் காலையும் அது வந்தது, அவரும் புத்தகப் பையோடு ஏறினார்.

இந்த லைன் ராஜாக்களுக்காகப் போட்டதே இல்லை. 1862 அக்டோபரில் திறந்தது. வெறும் மேடாகக் கிடந்த இடத்தில் ஹன்ஸ்டன்டன் என்ற கடற்கரை ஊரை உண்டாக்க நினைத்தார் லெஸ்ட்ரேஞ்ச் என்ற நிலக்கிழார். ரயில் வந்தால்தான் ஊர் வளரும் என்று அலைந்தவர், அது வருவதற்குச் சில மாதம் முன்பு இறந்துபோனார். அதே 1862இல்தான் வேல்ஸ் இளவரசர் எட்வர்டுக்காக (பின்னால் ஏழாம் எட்வர்டு மன்னர் ஆனவர்) சாண்ட்ரிங்ஹாம் எஸ்டேட்டை வாங்கினார்கள். வழியிலிருந்த வுல்ஃபர்டன் என்ற சின்ன நிலையத்துக்கு அப்படி வந்ததுதான் யோகம். ராஜ குடும்பத்துக்குத் தனிக் காத்திருப்பு அறைகள் கட்டினார்கள், விளக்குக் கம்பங்களின் உச்சியில் கிரீடம் வைத்தார்கள், லின்னிலிருந்து அதுவரைக்கும் இரட்டைத் தடம் போட்டார்கள். ஆனால் அடுத்த நிலையம் டெர்சிங்ஹாம், அதற்கப்புறம் ஸ்னெட்டிஷாம், ஹீச்சம், கடைசியில் கடலை ஒட்டி ஹன்ஸ்டன்டன். ஐரோப்பிய அரசர்கள் இறங்கிய அதே தடத்தில் மண்வெட்டியும் வாளியுமாகப் பிள்ளைகள் கடலுக்குப் போனார்கள். மொத்தம் 15 மைல்தான்.

அந்த எட்வர்டு எங்கள் ஊருக்கும் வந்திருக்கிறார். நான் தூத்துக்குடிக்காரி. 1875 டிசம்பரில் இலங்கையிலிருந்து கப்பலில் வந்து தூத்துக்குடியில் இறங்கி, அப்போதுதான் போட்டிருந்த தடத்தில் ரயிலேறி மணியாச்சி வழியாக மதுரைக்குப் போனார். எங்கள் லைனும் கடற்கரையில் போய் முட்டி நிற்கிற கிளை லைன்தான். அதுவும் ஹன்ஸ்டன்டன் லைனைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவே. இளவரசர் போன லைன் என்று யாரும் அதை மியூசியத்தில் வைக்கவில்லை. இன்று ராத்திரியும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் அதில் சென்னைக்குப் புறப்படும். ஒரே ஆளின் காலடி பட்ட இரண்டு கிளை லைன்கள், ஒன்று ஓடுகிறது, இன்னொன்று கார் பார்க்காகக் கிடக்கிறது. பணக்கார நாடு எது என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சரிடம் இதைக் கேட்க வேண்டும் என்று தோன்றும்.

சரி, போன டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். பேருந்துச் சேவை போதுமானது என்று எழுதினீர்களே, அதற்கான பதில் இது.

அம்மா முதல் தடவையாக இங்கே வந்தாள். வயது 72. விமான நிலையத்தில் நானே போய் அழைத்து, கிங்ஸ் கிராஸ் கூட்டிவந்து லின் ரயிலில் ஏற்றினேன். மகாராணி வந்தது இதே ரயிலில்தான் என்றதும் அம்மா சீட்டைத் தடவிப் பார்த்தாள். "இதுலயா? நெசமாவா?" என்றாள். ஈலி பேராலயம் தெரிந்தபோது ஜன்னலோரம் நகர்ந்து கும்பிட்டுக்கொண்டாள். பனிமய மாதா கோவில் நினைப்பு வந்திருக்கும். வழியில் எங்கோ சிக்னலில் ரயில் நின்றுவிட்டது. லின் வந்து சேரும்போது ஏறக்குறைய இருபது நிமிடத் தாமதம். பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடினோம். தெருமுனையில் எங்கள் பேருந்தின் பின்விளக்கு திரும்பி மறைவதைப் பார்த்தோம்.

அடுத்த பேருந்து வரவில்லை. வரும் என்று மின்பலகை சொன்னது, இன்னும் ஆறு நிமிடம் என்றது, ஆறு நிமிடம் கழித்து அந்த வரியே பலகையிலிருந்து காணாமல் போயிற்று. கடைகள் எல்லாம் மூடியிருந்தன. நிழற்குடையில் மூன்று பக்கம் கண்ணாடி, காற்று வருவது நாலாவது பக்கமாக. அம்மா சேலைக்கு மேல் என் கோட்டைப் போட்டு, அதற்கு மேல் விமானத்தில் கொடுத்த கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் எங்கள் இல்லத்துப் பாட்டிகளுக்காக ஊரிலிருந்து சுமந்துவந்த மக்ரூன் டப்பா. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "ஏட்டி, மணியாச்சியே தேவல. அங்க வடையாவது கிடைக்கும்."

மணியாச்சியில் காத்திருந்து பழகியவள் அவள். சின்ன வயதில் எங்களைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போகும்போதெல்லாம் அங்கே இறங்கி மாற வேண்டும். ஆனால் அங்கே ஒரு ஏற்பாடு இருந்தது. கிளை வண்டி பிரதான வண்டிக்காக நிற்கும், நேரமானாலும் நிற்கும். இறங்கி ஏறுவதற்காக ஒரு ஜங்ஷன் என்று வைத்துவிட்டால், இறங்கினவனை ஏற்றிவிடுவது ரயில்வேயின் பொறுப்பு என்று அந்த ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரியும். லின்னில் உங்கள் ரயிலுக்கும் உங்கள் பேருந்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஒன்று வந்ததா என்று இன்னொன்றுக்குத் தெரியாது.

இது ஒரு நாள் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். என் மகள் தினமும் லின்னில் கல்லூரிக்குப் போகிறாள். குளிர்காலத்தில் பிரச்சினை இருட்டும் வராத பேருந்தும். கோடையில் பிரச்சினை வேறு. ஏ149 சாலை முழுக்க விடுமுறைக்காரர்களின் கார், பின்னால் இழுத்துவரும் காரவன் வீடு. வெயில் அடித்துவிட்டால் அவ்வளவுதான், டெர்சிங்ஹாம் பக்கம் பேருந்து நின்ற இடத்தில் நிற்கும். எட்வர்டு மன்னர் சாண்ட்ரிங்ஹாமில் எல்லாக் கடிகாரங்களையும் அரை மணி நேரம் முன்னால் வைத்திருந்தாராம், வேட்டைக்குப் பகல் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று. 1936 வரை அங்கே அதுதான் நேரம். எங்கள் பேருந்துக்கும் ஒரு தனி நேரம் இருக்கிறது, அது அரை மணி பின்னால். ஓட்டுநர்களைக் குற்றம் சொல்லவில்லை. முன்னால் நிற்கும் காரவனைத் தாண்டிப் பறக்க அவர்களால் முடியாது.

இனி, தேவை இல்லை என்ற உங்கள் வாக்கியத்துக்கு வருகிறேன்.

1966 வாக்கில் அரச ரயில் வுல்ஃபர்டனுக்கு வருவது நின்றுபோனது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் மூன்று வருடம் பொதுஜன ரயில் ஓடியது. ராஜ குடும்பம் விட்டதால் லைன் செத்தது என்ற உங்கள் அலுவலரின் கதை இங்கேயே உடைந்துவிடுகிறது. கடைசி வருடங்களில் நிலையங்களில் ஆட்களைக் குறைத்தார்கள், இரட்டைத் தடத்தை ஒற்றையாக்கினார்கள். இட்லிக் கடையில் முதலில் சட்னியை நிறுத்தி, அப்புறம் சாம்பாரை நிறுத்தி, பிறகு ஆள் வருவதில்லை என்று கடையை மூடுவது போல.

அதற்கு முன்னால் 1953 ஜனவரி 31 இரவு கடல் ஊருக்குள் வந்தது. ஹன்ஸ்டன்டனிலிருந்து லின்னுக்குப் புறப்பட்ட ரயில்மேல், வெள்ளத்தில் மிதந்து வந்த ஒரு மரவீடு மோதியது. ரயில்மேல் வீடு! பல மணி நேரம் தண்ணீருக்கு நடுவில் இஞ்சின் நின்றது. இஞ்சினை ஓட்டியவர்கள் உடைந்த குழாயை எப்படியோ ஒட்டுப்போட்டு, திரும்ப நீராவி ஏற்றி, பயணிகளைப் பின்னால் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இந்தக் கடற்கரையில் அந்த இரவில் எத்தனையோ பேர் செத்தார்கள், தடமும் அரித்துப்போனது. ஆனாலும் சரிசெய்து மறுபடி ஓட்டினார்கள், இன்னும் பதினாறு வருடம் ஓட்டினார்கள். அன்றைக்கு யாரும் தேவை இருக்கிறதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

இன்றைக்குத் தேவை இருக்கிறதா என்று கேட்டால், 1969இலேயே மூடிய மற்ற இரண்டு லைன்களைப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் எடின்பரோவிலிருந்து எல்லைப்புற ஊர்களுக்குப் போன லைனை 1969 ஜனவரியில் மூடினார்கள். 2015 செப்டம்பரில் அதில் 30 மைலைத் திரும்பத் திறந்தார்கள். திறந்துவைக்க அதே எலிசபெத் மகாராணி வந்தார், செப்டம்பர் 9ஆம் தேதி, விக்டோரியாவைத் தாண்டி நீண்ட காலம் ஆண்டவர் என்று ஆன அதே நாளில். முதல் ஆண்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்கள். அடுத்தது ஃபைஃப் பகுதியில் கடலோர ஊரான லீவன். 1969இல் ரயில் போயிற்று, 2024 ஜூனில் திரும்பி வந்தது. அதுவும் சின்னக் கிளை லைன், கடலோரம், எங்களைப் போல. இங்கிலாந்திலும் ஓக்ஹாம்டனுக்கு 2021இல் ரயில் திரும்பியது, ஆஷிங்டனுக்கு 2024 டிசம்பரில். மூடியது திறக்காது என்ற பேச்சு இனி செல்லாது.

நம் லைனில் உள்ள சிக்கல்கள் எனக்கும் தெரியும். ஸ்காட்லாந்தில் செய்ததை இங்கே அப்படியே செய்துவிட முடியாது. பழைய தடத்தின்மேல் சில இடங்களில் வீடுகள் வந்துவிட்டன. வுல்ஃபர்டன் நிலையத்தில் இன்று தனியார் குடியிருக்கிறார்கள். பூச்செடிகளோடு அழகாகவே வைத்திருக்கிறார்கள், அதைப் பிடுங்கச் சொல்ல எனக்கு மனசு வராது. ஹீச்சம் நிலையத்தில் விடுமுறைக்கு வாடகைக்குத் தங்கலாம். ஹன்ஸ்டன்டனில் ரயில் வந்து நின்ற இடத்தில் கார்கள் நிற்கின்றன. லின் நிலையமே முட்டுச்சந்து மாதிரி இருப்பதால், லண்டனிலிருந்து வந்த ரயில் ஹன்ஸ்டன்டன் போக வேண்டுமென்றால் அங்கே திரும்பி எதிர்த் திசையில் போக வேண்டும், பழைய காலத்திலேயே அப்படித்தான். லின்னுக்கு வரும் லைனிலும் சில பகுதிகள் ஒற்றைத் தடம். ஈலி பக்கத்து ஜங்ஷனில் நெரிசல். ஆகவே நாளைக்கே ரயில் வேண்டும் என்று கேட்கிற முட்டாள் இல்லை நான்.

எனக்குக் கோபம் எதிலென்றால், யோசித்துப் பார்த்து முடியாது என்று நீங்கள் சொல்லவில்லை. யோசிக்காமலேயே தேவை இல்லை என்றீர்கள். வீட்டிலிருந்து கார் எடுப்பவர்களை மட்டும் எண்ணினால் தேவை இல்லைதான். கார் இல்லாதவர்களை எங்கே எண்ணினீர்கள்? ராத்திரி ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள், கார் ஓட்டுவதை டாக்டர் நிறுத்தச் சொன்ன முதியவர்கள், என் மகள் வயதுப் பிள்ளைகள். ஹன்ஸ்டன்டன் ஓய்வுபெற்றவர்கள் வந்து குடியேறும் ஊர். கிழக்குக் கரையில் இருந்துகொண்டு கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்பதால் வருகிறார்கள். (எனக்கு இன்னும் பழகவில்லை, எங்கள் கடலில் சூரியன் உதிக்கும்.) வரும்போது எல்லோரும் காரில்தான் வருகிறார்கள். பத்து வருடம் கழித்து அவர்களில் எத்தனை பேர் ஸ்டியரிங் பிடிக்கிறார்கள் என்று எங்கள் இல்லத்தில் வந்து கேளுங்கள்.

இன்னொன்றும் இந்தச் சமயத்தில் நடக்கிறது. ராஜ குடும்பத்தின் தனி ரயிலை 2027 மார்ச்சுக்குள் நிறுத்திவிடப்போவதாக 2025இல் அரண்மனை அறிவித்தது. செலவு தாங்கவில்லை. அந்த ரயிலில் ஒரே ஒரு இரண்டு நாள் பயணத்துக்கு 44,000 பவுண்டுக்கு மேல் ஆனது என்று கணக்கு வெளியிட்டார்கள். 2009இல் மகாராணி கொடுத்தது 44 பவுண்டு. இனி ஹெலிகாப்டரில் போவதா, சாதாரண ரயிலில் போவதா என்பது அவர்கள் பாடு. சாதாரண ரயில் என்று முடிவெடுத்தால், அவர்களும் லின் பிளாட்பாரத்தில் வந்துதான் இறங்குவார்கள். அவர்களுக்கு வாசலில் கார் நிற்கும்.

நான் கேட்பவை இவை.

முதலாவதாக, மிச்சமிருக்கும் பழைய தடத்தைக் காப்பாற்றுங்கள். வீடோ, கடையோ, சாலையோ எதற்காகவும் இனி அதில் ஓர் அடிகூட விட்டுக்கொடுக்கக் கூடாது என்று திட்ட வரைவில் எழுத்தில் சேருங்கள். இதற்குப் பெரிதாகச் செலவும் ஆகாது. நடைபாதையாகவோ சைக்கிள் பாதையாகவோ இருந்துவிட்டுப் போகட்டும், பின்னால் ரயிலுக்கு இடம் இருக்கும்.

அப்புறம், தேவை இல்லை என்ற முடிவுக்கு நீங்கள் வைத்திருக்கும் கணக்கை வெளியிடுங்கள். எந்த மாதத்தில், எந்த நிறுத்தத்தில், யாரை எண்ணினீர்கள் என்று தெரிய வேண்டும். கணக்கே இல்லை என்றால் அதைச் சொல்லுங்கள், சொல்லிவிட்டு புதிதாக ஒரு ஆய்வு செய்யுங்கள். கோடை வார இறுதியையும் ஜனவரி இருட்டையும் அதில் சேருங்கள். கன ரயில்தான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லை. டிராம் மாதிரி இலகு ரயில் என்றாலும், வீடு வந்துவிட்ட இடங்களில் சுற்றிப் போகும் புதுத் தடம் என்றாலும், அதன் செலவையும் பார்த்துச் சொல்லுங்கள்.

ரயில் வரும் வரைக்கும், அடுத்த குளிர்காலத்திற்குள்ளாவது, மாலை நேரத்தில் லின்னுக்கு வரும் ரயிலுக்காகப் பேருந்தைக் காத்திருக்க வையுங்கள். கால் மணி நேரம் போதும். லண்டனிலிருந்து வரும் கடைசி ரயிலுக்குப் பின்னால் ஒரு பேருந்து கட்டாயம் இருக்க வேண்டும். கிங்ஸ் கிராஸிலிருந்து ஹன்ஸ்டன்டன் வரைக்கும் ஒரே டிக்கெட் கொடுங்கள், அப்போதாவது எங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் பொறுப்பு என்று தெளிவாகும். வராத பேருந்தை மின்பலகையிலிருந்து சத்தமில்லாமல் அழிப்பதை நிறுத்துங்கள், வராது என்று போட்டால் டாக்சிக்காவது பார்ப்போம். அந்த நிழற்குடையின் நாலாவது பக்கத்தையும் அடைத்துத் தாருங்கள்.

கடைசியாக ஒன்று. அடுத்த கருத்துக் கேட்பை ஹன்ஸ்டன்டனில் வையுங்கள், பகல் இரண்டு மணிக்கு, எங்கள் இல்லத்துப் பாட்டியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வரும்படியான இடத்தில். பிஸ்கட் டப்பாவோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். "யாருக்காக" என்று சிரித்த அந்த அலுவலரும் அன்று வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். இந்த வாரம் எனக்கு ராத்திரி ஷிஃப்ட், பகலில் தூங்குவேன். கதவைத் தட்ட வேண்டாம், தபால் துவாரத்தில் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஹன்ஸ்டன்டனில் வேலை பார்க்கும் ஒரு தூத்துக்குடிக்காரி